நிகழ்தகவுப் பெட்டி: மணிகளை நம்பலாம், கையேட்டைத் திருத்த வேண்டும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கத்து ஸ்டேஷனரிக் கடைகளில் பள்ளி திறக்கும் சமயத்தில் கணக்குப் பாடத்துக்கென ஒரு அட்டைப்பெட்டி விற்பனைக்கு வருகிறது. உள்ளே சிவப்பில் எட்டு, நீலத்தில் எட்டு என 16 மர மணிகள், கறுப்புச் சுருக்குப் பை, இரண்டு பகடைகள், ஒரு சீட்டுக்கட்டு, நான்கு பாகமாகப் பிரித்த சுழலட்டை, மர வரைபடம் (அடுத்தடுத்த எடுப்புகளின் வாய்ப்புகளைக் கிளைகளாகக் காட்டும் படம்) அச்சிட்ட பிளாஸ்டிக் தாள், 24 பக்கக் கையேடு. கையேட்டில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலையாளம். விலை 420 ரூபாய்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் டியூஷன் வகுப்புக்கும் இதைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் கையேட்டை அப்படியே பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. அதில் மூன்று இடங்களில் சொல்லியிருப்பது தவறு. அந்த மூன்றும் சார்பிலா நிகழ்ச்சி (ஒன்று நடந்தது மற்றதன் வாய்ப்பை மாற்றாத நிகழ்ச்சி) என்றால் என்ன என்ற அடிப்படையிலேயே வருவதால், முதலில் தவறாகப் பதிந்துவிட்டால் அடுத்து வரும் பாடங்களான நிபந்தனை நிகழ்தகவு, பேய்ஸ் தேற்றம் வரை அந்தக் குழப்பம் கூடவே வரும்.

பெட்டியின் மையம் மணிப்பைதான். ஐந்து சிவப்பு, மூன்று நீலம் போட்டு இரண்டு முறை எடுக்கச் சொல்கிறது கையேடு. எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டு எடுத்தால் இரண்டும் சிவப்பாக வரும் நிகழ்தகவு 5/8 × 5/8, அதாவது 25/64, தசமத்தில் 0.39. திரும்பப் போடாவிட்டால் முதலில் சிவப்பு போனபின் பையில் ஏழு மணி, அதில் நான்குதான் சிவப்பு. 5/8 × 4/7 = 5/14; தசமத்தில் 0.357. முதல் வகை சார்பிலாதது, இரண்டாம் வகை சார்ந்தது. இதுவரை கையேடு சொல்வது சரி, படமும் தெளிவு.

அதே பக்கத்தில் "இரண்டு வகையையும் 30 முறை செய்து பார், வித்தியாசம் தெரியும்" என்று எழுதியிருக்கிறார்கள். தெரியாது. 30 முறையில் முதல் வகைக்கு எதிர்பார்ப்பது சுமார் 12, இரண்டாம் வகைக்குச் சுமார் 11. தற்செயலால் மட்டுமே இரண்டு மூன்று எண்ணிக்கை ஏறி இறங்கும் என்பதால், திரும்பப் போடாத வகையில் அதிகம் வந்துவிட்டு, பிள்ளைகள் பாடத்தையே சந்தேகப்படுவார்கள். 0.39-க்கும் 0.357-க்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் காண வகைக்கு 2000 முறை எடுத்தாலும் இழுபறிதான்.

இதற்கு வழி மணிகளைக் குறைப்பது. இரண்டு சிவப்பு, இரண்டு நீலம் மட்டும் போடுங்கள். 'இரண்டு முறையும் ஒரே நிறம்' என்பதை எண்ணுங்கள். திரும்பப் போட்டால் 1/2. போடாவிட்டால் 1/3, ஏனென்றால் முதலில் எந்த நிறம் வந்தாலும் மிச்சமிருக்கும் மூன்றில் ஒன்றுதான் அதே நிறம். 200 முறைக்கு ஒன்று 100-ஐ ஒட்டியும், மற்றது 67-ஐ ஒட்டியும் வரும். இந்த இடைவெளியைத் தற்செயல் அவ்வளவு எளிதில் மறைக்காது. பத்துப் பிள்ளைகள் ஆளுக்கு 20 முறை எடுத்தால் அரைமணி நேர வேலை. பை ஒன்றுதான் இருக்கிறது, ஆனால் மணி 16 இருப்பதால் வீட்டிலுள்ள துணிப்பை மூன்று சேர்த்தால் நான்கு குழுவாகச் செய்யலாம்.

பை விஷயத்தில் ஒரு குறை. வாய் குறுகல், ஆழம் அதிகம். திரும்பப் போட்ட மணி மற்றவற்றின் மேலேயே உட்கார்ந்துகொள்கிறது, அடுத்த எடுப்பில் விரல் முதலில் தொடுவது அதைத்தான். இன்னொரு குறை, சிவப்பு மணிகளில் பெயின்ட் சற்றுத் தடிப்பாக இருப்பது. விரல் நுனிக்கு அது தெரிகிறது. இந்த இரண்டு குறையும் ஒரே மாதிரித் தோன்றினாலும் விளைவு முற்றிலும் வேறு, பாடத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

சிவப்பு மணி கையில் அதிகம் மாட்டுகிறது என்றால் கெடுவது நிகழ்தகவின் அளவு. 5/8 என்பது 0.68 ஆகலாம். ஆனால் ஒவ்வொரு எடுப்பிலும் அதே 0.68 என்றால் எடுப்புகள் இன்னமும் சார்பிலாதவைதான். இரண்டும் சிவப்பு என்பதற்கு 0.68 × 0.68 என்று பெருக்கலாம். ஒரு பக்கம் கனத்த நாணயத்தைச் சுண்டினாலும் இதே கதைதான். நாணயம் நியாயமாக இல்லாமல் போகலாம். முந்தைய சுண்டலை அது நினைவில் வைத்துக்கொள்வதில்லை. மணி மேலேயே தங்கிவிடுவது அப்படிப்பட்டதல்ல. முதலில் சிவப்பு வந்தால் இரண்டாவதும் சிவப்பு வர வாய்ப்பு கூடுகிறது. திரும்பப் போட்டும் எடுப்புகள் சார்ந்தவை ஆகிவிட்டன. கையேடு எதிர்பார்ப்பதற்கு நேர் எதிரான முடிவு பைக்குள்ளேயே உருவாகிறது.

கலக்கல் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கலாம். எட்டு மணியிலும் 1 முதல் 8 வரை மார்க்கரால் எண் எழுதுங்கள். எடுத்து, எண்ணைக் குறித்து, திரும்பப் போட்டு, மறுபடி எடுங்கள். இப்படி 80 ஜோடி. அதே எண் மறுபடி வருவது 1/8 என்பதால் 80-இல் 10 முறை எதிர்பார்க்கலாம். ஏழு, பதின்மூன்று என்று வந்தாலும் கவலையில்லை. இருபதை நெருங்கினால் கலக்கல் போதவில்லை. ஒவ்வொரு முறையும் பையின் வாயை இறுக்கிப் பிடித்து, தலைகீழாக்கி ஐந்தாறு தடவை குலுக்கினால் இந்தக் கோளாறு போய்விடும். அகலமான துணிப்பைக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது. பெயின்ட் தடிப்புக்கு உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு போதும்.

இனி கையேட்டின் தவறுகள். முதலாவது: "இரண்டு மணியையும் ஒரே நேரத்தில் எடுத்தால் ஒன்று மற்றதைப் பாதிக்காது, ஆகவே சார்பிலாதவை." ஒரே கையில் இரண்டாக அள்ளுவதும், ஒன்றை எடுத்துத் திரும்பப் போடாமல் மற்றதை எடுப்பதும் கணக்கில் ஒன்றே. ஒரு மணி இரண்டு முறை வர முடியாது என்பதுதான் சார்பை உண்டாக்குகிறது. கடிகாரத்துக்கு இதில் வேலையில்லை. எட்டில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 28 வழி, ஐந்து சிவப்பில் இரண்டுக்கு 10 வழி. 10/28 என்பது அதே 5/14. இந்த வரியை அடித்துவிட்டு இந்தக் கணக்கை ஓரத்தில் எழுதிவைத்தால் பிள்ளைகளுக்கு உதவும்.

இரண்டாவது தவறு பெரிது. "இரண்டு நிகழ்ச்சிகள் தனித்தனிப் பொருள்களில் நடந்தால் சார்பிலாதவை, ஒரே பொருளில் நடந்தால் சார்ந்தவை" என்று கட்டம் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். இதை மனப்பாடம் செய்த பிள்ளை தேர்வில் மதிப்பெண் இழப்பது உறுதி. பொருள் ஒன்றா இரண்டா என்பது அளவுகோல் ஆகாது. இரண்டும் சேர்ந்து நடப்பதன் நிகழ்தகவு, தனித்தனி நிகழ்தகவுகளின் பெருக்கற்பலனுக்குச் சமமா என்பதே கேள்வி. எல்லா விளைவுகளும் சம வாய்ப்புள்ளவையாக இருந்தால் பின்னமே இல்லாமல் எண்ணிப் பார்த்துவிடலாம்: முதல் நிகழ்ச்சிக்கான விளைவுகளை இரண்டாவதற்கானவற்றால் பெருக்குங்கள். மொத்த விளைவுகளை, இரண்டுக்கும் பொதுவானவற்றால் பெருக்குங்கள். இரண்டு பெருக்கலும் சமமானால் சார்பிலாதவை.

ஒரே பகடையை ஒரே ஒரு முறை உருட்டுங்கள். 'இரட்டை எண்' என்பதற்கு 2, 4, 6 என மூன்று. '4 அல்லது அதற்குக் கீழ்' என்பதற்கு நான்கு. பொதுவானவை 2, 4 என இரண்டு. 3 × 4 = 12; 6 × 2 = 12. சார்பிலாதவை. அதே பகடையில் இரண்டாவதை '3 அல்லது அதற்குக் கீழ்' என்று மாற்றினால் 3 × 3 = 9; பொதுவானது 2 மட்டும், 6 × 1 = 6. சார்ந்தவை. பகடையும் அதே, உருட்டலும் அதே.

பெட்டியிலுள்ள இரண்டு பகடையையும் சேர்த்து உருட்டினால் இன்னும் நல்ல உதாரணம் கிடைக்கிறது. 'முதல் பகடையில் 4', 'கூட்டுத்தொகை 7'. கூட்டுத்தொகையில் முதல் பகடை கலந்திருப்பதால் சார்ந்தவை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 6 × 6 = 36; மொத்தம் 36, பொதுவானது (4, 3) ஒன்று; 36 × 1 = 36. சார்பிலாதவை. முதல் பகடையில் எது விழுந்தாலும் ஏழாக்க இரண்டாவதில் ஒரே ஒரு முகம் உண்டு என்பதே காரணம். கூட்டுத்தொகை 8 என்றால் 6 × 5 = 30, 36-க்குச் சமமில்லை; முதலில் 1 விழுந்தால் எட்டுக்கு வழியே இல்லை அல்லவா.

வீட்டில் தாயக்கட்டை இருந்தால் அதையும் எடுங்கள். வெற்று, 1, 2, 3 என நான்கு முகம், இரண்டு கட்டை, மொத்தம் 16 விளைவுகள். 'முதல் கட்டையில் 1', 'கூட்டுத்தொகை 3': 4 × 4 = 16, 16 × 1 = 16, சார்பிலாதவை. 'முதல் கட்டையில் 1', 'தாயம் விழுவது': தாயத்துக்கு (கூட்டுத்தொகை 1) இரண்டே வழி, 4 × 2 = 8, மறுபக்கம் 16. சார்ந்தவை. பகடைக் கணக்கை வெறுமனே ஒப்பிக்கும் பிள்ளையும் தாயக்கட்டையில் இதைத் தானாகக் கண்டுபிடிக்கும், காரணம் தாயம் எப்படியெல்லாம் விழும் என்பது ஏற்கெனவே கைப்பழக்கத்தில் இருக்கிறது. பெட்டி தயாரித்தவர்கள் ஒரு ஜோடி கட்டையைச் சேர்த்திருக்கலாம்.

இதே தவறான விதியின் கீழ் கையேடு ஒரு பயிற்சியும் தருகிறது: வாளையாரில் மழை, கோயம்புத்தூரில் மழை, ஊர் வேறு, ஆகவே சார்பிலாதவை. பாலக்காட்டுக் கணவாய்க்கு இருபுறமும் வாழ்கிறவர்களுக்கு இப்படி ஒரு கணக்கைத் தரக் கூடாது. தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கணவாய் வழியாகத்தான் கிழக்கே நுழைகிறது. ஒரே காற்று, ஒரே பருவம் இரண்டு ஊரையும் தொடும்போது ஊர் வேறு என்பதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஒன்று மற்றதுக்குக் காரணமாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டுக்கும் பொதுவான காரணம் ஒன்று இருந்தாலே சார்பு வந்துவிடும். சரியான பயிற்சி இப்படி இருக்கும்: ஒரு வருடத் தினசரி மழைப்பதிவை எடுத்து, இரண்டிலும் மழை, இங்கே மட்டும், அங்கே மட்டும், இரண்டிலும் இல்லை என நான்கு கட்டத்தில் எண்ணி, பெருக்கிப் பார்ப்பது. பதிவுகளில் பெருக்கல் அச்சாகச் சமமாக வராது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி.

மூன்றாவது தவறு, ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளைச் சார்பிலாதவற்றுக்கு உதாரணமாகக் காட்டியிருப்பது. "பகடையில் 2 விழுவதற்கும் 5 விழுவதற்கும் சம்பந்தமில்லை" என்கிறது கையேடு. சம்பந்தம் உச்சத்தில் இருக்கிறது: 2 விழுந்துவிட்டால் 5-க்கு வாய்ப்பு பூச்சியம். எண்ணிப் பாருங்கள், 1 × 1 = 1, பொதுவானது எதுவுமில்லை, 6 × 0 = 0. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் பூச்சியமில்லாத நிகழ்தகவு இருந்து, அவை ஒன்றையொன்று விலக்கினால், ஒருபோதும் சார்பிலாதவையாக இருக்க முடியாது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பில் கூட்டல் தேற்றத்தோடு விலக்கும் நிகழ்ச்சிகள் வந்துவிடுகின்றன. சார்பிலா நிகழ்ச்சிகள் பிளஸ் ஒன்னில்தான். ஒரு வருட இடைவெளியில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது மிகவும் சகஜம். அதைப் பிரித்துக் காட்ட வேண்டிய கையேடே ஒட்டிவைத்திருப்பது வருத்தம்.

சீட்டுக்கட்டு நல்ல தரம், வளையவில்லை. 'ஏஸ்', 'ஸ்பேடு' என்ற இரண்டும் சார்பிலாதவை என்று கையேடு காட்டுவது சரி: 4 × 13 = 52, 52 × 1 = 52. ஆனால் கட்டுக்குள் இரண்டு ஜோக்கர் இருக்கிறது, எடுத்துவைக்கச் சொல்லவில்லை. ஜோக்கரோடு 54 சீட்டு; 54 × 1 = 54, மறுபக்கம் 52. சார்பின்மை போய்விட்டது. வித்தியாசம் சிறிதுதான், நூறு முறை எடுத்துப் பார்த்தாலும் கண்ணில் படாது, ஆனாலும் கணக்கில் சார்ந்தவையே. ஜோக்கரை வைத்து ஒரு தடவை, எடுத்துவிட்டு ஒரு தடவை என்று செய்யவைத்தால் நல்ல பாடமாகும்.

சுழலட்டையை லேசாகச் சுண்டினால் ஒரு சுற்றுகூட முடியாமல் நிற்கிறது. அப்போது அடுத்து நிற்கும் இடம் முன்பு நின்ற இடத்தைப் பொறுத்ததாகிவிடும். குறைந்தது மூன்று முழுச் சுற்று வருமாறு சுண்டினால்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். மேசை சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் அதிகம் நிற்கும்; அது மேலே சொன்ன பெயின்ட் மணி வகைக் கோளாறு. சுழலட்டைக்கு இன்னொரு பயன், கையேட்டில் இல்லாதது: மூன்று பாகத்தில் சிவப்பு, நீலம், பச்சை எனத் தனித்தனித் தாள், நான்காவதில் மூன்று நிறமும் ஒட்டுங்கள். எந்த நிறத்துக்கும் 1/2, எந்த இரண்டு நிறம் சேர்ந்து வரவும் 1/4. ஜோடி ஜோடியாகச் சார்பிலாதவை. மூன்றும் சேர்ந்து வருவது 1/8 ஆக வேண்டும், ஆனால் 1/4. ரஷ்யக் கணிதவியலர் பெர்ன்ஸ்டைன் பெயரால் நான்முகியை வைத்துச் சொல்லப்படும் உதாரணம் இதுவே. பிளஸ் டூவைத் தாண்டிப் படிக்கிறவர்களுக்கு இது வேண்டியிருக்கும்.

மர வரைபடத் தாளில் இரண்டாம் நிலைக் கிளைகளில் 5/8, 3/8 என்றே அச்சிட்டிருக்கிறார்கள். திரும்பப் போடாத வகைக்குத் தாள் இல்லை. ஒயிட்போர்டு மார்க்கரால் மேலே எழுதிக்கொள்ளலாம்: சிவப்புக்குப் பின் 4/7, 3/7, நீலத்துக்குப் பின் 5/7, 2/7. கிளை முனைகள் 20/56, 15/56, 15/56, 6/56, கூட்டினால் 1. எழுதிய கையோடு இரண்டாவது மணி சிவப்பாக முடியும் கிளைகளை மட்டும் கூட்டச் சொல்லுங்கள். 20/56 + 15/56 = 35/56, அதாவது 5/8. திரும்பப் போடாவிட்டாலும், முதல் மணியைப் பார்க்காதவரை, இரண்டாவது சிவப்பாக இருக்கும் வாய்ப்பு மாறவில்லை. சார்ந்த நிகழ்ச்சி என்றாலே இரண்டாவதன் நிகழ்தகவு குறைந்துவிடும் என்று நினைப்பவர்களை இந்த ஒரு கூட்டல் திருத்திவிடும்.

எல்லைப் பகுதியில் விற்கும் பெட்டி லாட்டரியைத் தொடாமல் விட்டது ஏமாற்றம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. கேரள அரசு 1967-இல் தொடங்கியது இன்றும் நடக்கிறது. வாளையார், கோபாலபுரம் தாண்டியதும் கடை கடையாகச் சீட்டு தொங்குவதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். கீழ்ப் பரிசுகள் சீட்டின் கடைசி நான்கு இலக்கத்துக்கு விழுகின்றன. ஒரே நான்கு இலக்கம் உள்ள சீட்டுகளைச் செட்டாக வாங்கினால், ஒன்றுக்கு அந்தப் பரிசு விழுந்தால் எல்லாவற்றுக்கும் விழும், இல்லாவிட்டால் எதற்கும் இல்லை. முழுச் சார்பு. 12 சீட்டு வாங்கியதால் அந்தப் பரிசு கிடைக்கும் வாய்ப்பு 12 மடங்காகவில்லை, ஒரு சீட்டுக்கு உள்ள அதே வாய்ப்புதான். கிடைத்தால் தொகை 12 மடங்கு. வெவ்வேறு நான்கு இலக்கம் வாங்கினால் வாய்ப்பு ஏறக்குறைய 12 மடங்கு, தொகை ஒரு மடங்கு. சராசரியில் இரண்டும் ஒன்று. நேற்றைய குலுக்கலும் இன்றைய குலுக்கலும் சார்பிலாதவை. 'ரொம்ப நாளா வராத நம்பர்' என்று தேடுவதில் பயன் ஏதுமில்லை. சீட்டு எதுவும் வாங்காமலே இதைச் சோதிக்கலாம்: பத்திரிகையில் வரும் முடிவுகளில் முதல் பரிசின் கடைசி இலக்கத்தை 100 நாள் குறித்து, முந்தைய நாளின் இலக்கமே மறுநாளும் வந்தது எத்தனை முறை என்று எண்ணினால் பத்தை ஒட்டி வரும்.

யாருக்கு எப்போது வேண்டும் என்பதைப் பார்த்து வாங்குங்கள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் நிபந்தனை நிகழ்தகவும் சார்பிலா நிகழ்ச்சிகளும் பிளஸ் ஒன்னில், பன்னிரண்டாவது அத்தியாயம். கேரளத்தில் என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் என்பதால் பிளஸ் டூவில், பதின்மூன்றாவது அத்தியாயம். எல்லைக்குக் கேரளப் பக்கம் படிப்பவருக்கு ஒரு வருடம் முன்னதாகவே வாங்கிவைத்தால் பெட்டி பரணுக்குப் போய்விடும்.

கடையிலேயே பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்து வாங்குங்கள். மணி ஒன்று குறைந்தால் சமாளிக்கலாம், ஒரே பையில் செய்யும் எந்தக் கணக்கும் நிறத்துக்கு எட்டு வரை கேட்பதில்லை. சீட்டு அப்படியல்ல. ஜோக்கர் நீங்கலாக 52 இருக்க வேண்டும். எந்தச் சீட்டு ஒன்று குறைந்து 51 ஆனாலும் ஏஸ், ஸ்பேடு பெருக்கல் சமமாகாது.